சமூக சேவைத் தண்டனையும் ஷிப்டுத் தொழிலாளியும்: கும்மிடிப்பூண்டியை முன்வைத்து

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையைத் தண்டனை வகைகளுள் ஒன்றாக்கி ஆறு குற்றங்களுக்கு அதை விதித்துள்ளது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் 303(2) பிரிவின்படி அவருக்குச் சமூக சேவைதான். ஆனால் எந்தப் பணி, எத்தனை மணி நேரம், யார் கண்காணிப்பது என்று சன்ஹிதா சொல்லவில்லை. சமூகத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்ற அளவில், அதனுடன் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியைக் குற்றத்துக்கு ஏற்ற பணி என்ற கவர்ச்சியான எண்ணம் நிரப்பி வருகிறது. 2022இல் பைக் சாகசம் செய்த இளைஞரை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவும்படி சென்னை உயர் நீதிமன்றம் பணித்தது பரவலாகப் பாராட்டப்பட்டது. அது ஜாமீன் நிபந்தனை, தண்டனையல்ல. படிப்பினை தெளிவாகத் தெரியும் வழக்கும்கூட. சில்லறைத் திருட்டுக்கு, குற்றத்தை அப்படிப் பிரதிபலிக்கும் பணி கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மாறி மாறி வரும் ஷிப்டில் உருக்காலையில் நிற்கும் பீகார் அல்லது ஒடிசா ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கம்பித் துண்டுகளைத் திருடித் தண்டனை பெறுவதாகக் கொள்வோம். மாவட்டத் தலைநகர் என்பதால் திருவள்ளூர் மருத்துவமனைக்கு அனுப்புவது நீதிமன்ற அலுவலகத்துக்கு எளிது. ரயிலில் அவர் சென்னைக்கு வந்து, அங்கிருந்து அரக்கோணம் தடத்தில் ஏற வேண்டும். நான்கு மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி போகும். ஆலைக்கு இரண்டு முறை வராவிட்டால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். வார்டில் சொல்லும் தமிழும் அவருக்குப் புரியாது. அவர் சமூக சேவைக்கு வராமல் போனால் சன்ஹிதாவின் 8ஆம் பிரிவு சிறைக்கு வழிவிடுகிறது. சிறையைத் தவிர்க்க வந்த தண்டனை, பொருந்தாத பணியிடத்தால் சிறைக்கே கொண்டுபோய்விடும். அவருக்கு வெல்டிங் தெரியுமானால், வார விடுமுறை நாளில் கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளி ஒன்றின் உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்யச் சொல்லலாம். பொருத்தம் என்று நான் சொல்வது தூரம், நேரம், மொழி, கைத்தொழில் ஆகியவற்றைத்தான்.

இது தண்டனையை நீர்த்துப்போகச் செய்யும் என்பார்கள். ஓய்வு நாளையும் உழைப்பையும் கூலியின்றித் தருவதே போதுமான இழப்பு; அவமானத்தையும் சேர்க்கச் சட்டம் கேட்கவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆளைப் பார்த்துப் பணி கொடுக்கத் தொடங்கினால், நம் ஊரில் அது சாதியைப் பார்ப்பதில் முடியாதா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சிறைக் கையேடுகள் துப்புரவைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் சமையலை மேல்சாதியினருக்கும் ஒதுக்கியதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க வேண்டியிருந்தது. எனவே பணியிடத்தைத் தேர்ந்த காரணம் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். எழுதாத தேர்வில்தான் சாதி ஓசையின்றி நுழையும்.

வழக்குச் சுமையில் நடுவருக்கு இதற்கெல்லாம் நேரமேது என்பது நியாயமான கேள்வி. ஆனால் விசாரிக்க வேண்டியவர் அவரல்லர். குற்றம் சாட்டப்பட்டவரின் சூழலை விசாரித்து, தக்க வழியைத் தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு உதவும் கடமையை 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலருக்குத் தந்திருக்கிறது. இலங்கை 1999இலேயே சமுதாயம்சார் சீர்திருத்தத்துக்குத் தனிச் சட்டம் இயற்றி, பின்னர் தனித் திணைக்களமும் அமைத்துக்கொண்டது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், திருவள்ளூர் மாவட்ட நீதித்துறை தாலுகா வாரியாகப் பணியிடப் பட்டியலொன்றைத் தயாரித்து, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இல்லாமல் எவரையும் பணிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.