சிப்பாயின் உடம்புக்கு எழுதிய கணக்கு

1792. திப்பு சுல்தானுக்கும் கும்பினி படைக்கும் சண்டை. கும்பினி படையில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டு அனுப்பினார்கள். சுமார் ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே பக்கத்தில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி ஒட்டி, புது மூக்கு வைத்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆங்கில டாக்டர்கள் அசந்துபோனார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. 1814-ல் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அதே முறையில் ஓர் ராணுவ அதிகாரிக்கு மூக்கு வைத்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் கவாஸ்ஜியை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

மூக்கு திரும்பி வந்தது. கை? அதற்கு அப்போது உலகத்தில் எங்குமே வைத்தியம் இல்லை. கும்பினி அவருக்குப் பென்ஷன் கொடுத்தது, அவ்வளவுதான்.

மூக்கு வைத்த அந்தச் செங்கல்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நோயாளியின் பெயர் நமக்குத் தெரிகிறது, டாக்டரின் பெயர் தெரியவில்லை! காரணம் எளிது. நோயாளி பட்டாளத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தவர், வைத்தியர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். சென்னையின் மருத்துவ வரலாறு முழுக்க இந்தப் பட்டியல் கதைதான் ஓடுகிறது.

கோட்டைக்குள் ஒன்று, கஞ்சித் தொட்டியில் ஒன்று

சென்னையின் இரண்டு பெரிய அரசு ஆஸ்பத்திரிகளும் போரால் பிறந்தவை. ஆனால் பிறந்த விதம் வேறு.

1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சர் எட்வர்ட் விண்டர் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். யாருக்கு? நோய்வாய்ப்பட்ட கும்பினி சிப்பாய்களுக்கு. அது பல இடம் மாறி 1772-ல் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரி அதுதான்.

இன்னொன்று அங்கிருந்து வடக்கே, ராயபுரத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் பக்கத்தில் இருக்கிறது. 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். பின்னாலேயே பஞ்சமும் வந்தது. 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. பெயர் மணியக்காரர் சத்திரம், வெள்ளைக்காரர் வாயில் மோனிகர் சவுல்ட்ரி. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் உள்ளூர் மக்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். பின்னாளில் சத்திரமும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகின. ஜனங்களுக்கு அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. இன்றைய பெயர் ஸ்டான்லி.

ஒன்று சண்டை போட்டவனுக்கு, மற்றது சண்டையால் சோறு இழந்தவனுக்கு. முதலாவதை நடத்த அரசுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. இரண்டாவது தர்மக் கணக்கில் ஓடியது.

பாடம் யாருக்காக?

1835 பிப்ரவரியில், கவர்னர் சர் பிரடெரிக் ஆடம் காலத்தில், ஜெனரல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஊருக்கு டாக்டர் வேண்டும் என்று திறந்ததாக நினைத்தால் அது பாதிதான் சரி. பட்டாள ஆஸ்பத்திரிகளில் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் ஆள் தேவைப்பட்டது. அந்தத் துணை ஊழியர்களைப் பழக்கத்தான் பள்ளி. அதுவே 1850-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஆனது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது.

வகுப்பு எடுத்தவர்களும் பட்டாளத்து ஆட்களே. இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்பது முதலில் ராணுவ வேலை. அதிலிருந்து கடனாக அனுப்பப்பட்டவர்கள்தான் கல்லூரிப் பேராசிரியர்கள். பெயருக்கு முன்னால் கேப்டன், மேஜர், கர்னல் என்று இருக்கும். அந்த வேலைக்கு 1855-லிருந்து போட்டித் தேர்வு வைத்தார்கள், ஆனால் தேர்வு நடந்தது லண்டனில். கப்பல் டிக்கெட் எடுக்க வசதி இல்லாதவனுக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது.

பள்ளி திறந்த அதே 1835-ல் சென்னையில் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் மால்கம்சன் என்ற ராணுவ டாக்டர். பொருள் பெரிபெரி. வடசர்க்கார் பகுதியில் இருந்த சிப்பாய்களுக்குக் கால் வீங்கி, மரத்து, மூச்சு முட்டி, செத்துப்போனார்கள். காரணம் புரியாமல் மருத்துவ வாரியம் பரிசு அறிவித்து, கட்டுரை எழுதச் சொன்னது. மால்கம்சன் நோயை அருமையாக வர்ணித்தார். ஆனால் காரணம் பிடிபடவில்லை.

பிடிபட்டது அறுபது வருடம் கழித்து, ஜாவாவில். டச்சு ராணுவ டாக்டர் எய்க்மான் அங்கே உள்ளூர் பையன்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நடத்தி வந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கு பெரிபெரி மாதிரியே நோய் வந்தது. சில மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. விசாரித்தால் விஷயம் இதுதான்: கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மீந்த வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றை சிவிலியன் கோழிக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். கோழி பழையபடி தவிட்டோடு இருந்த அரிசிக்குத் திரும்பியது, பிழைத்தது! அரிசித் தவிட்டில் இருந்த சத்து பின்னால் வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிப்பாய்க்குத் தனிச் சோறு, சிவிலியனுக்குத் தனிச் சோறு என்ற விதி இல்லையென்றால் இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

ஆயிரத்துக்கு 69

1857 கலவரத்துக்குப் பிறகு லண்டனில் ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். 1859-ல் தொடங்கி 1863-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் இருக்கும் வெள்ளைச் சிப்பாய்களின் ஆரோக்கியம்தான் விஷயம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்த அறிக்கைக்காக முகாம் முகாமாகக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் திரட்டினார். தெரிய வந்த எண்: அந்த நூற்றாண்டில் இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் குண்டடி பட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கு, காலரா, காய்ச்சல், கல்லீரல் நோய். கெட்ட தண்ணீரும் சாக்கடையும்தான் எதிரி.

அரசு உடனே விழித்துக்கொண்டது. 1864-ல் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் வந்தன. பாரக்குகளுக்குத் தண்ணீர், வடிகால், காற்றோட்டம் கிடைத்தன. சாவு வேகமாகக் குறைந்தது.

இவ்வளவு அக்கறை ஏன்? வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சிப்பாயை இங்கிலாந்தில் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, கப்பலேற்றி, இங்கே நிறுத்துவதற்குப் பெரிய செலவு. அவன் ஒரு வருடத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டால் முதலீடு நஷ்டம். சிப்பாயின் உடம்பு, கணக்குப் புத்தகத்தில் சொத்துப் பக்கம் எழுதப்பட்ட ஒன்று. சொத்துக்குத் தேய்மானம் பார்ப்பார்கள், பராமரிப்பும் செய்வார்கள். பாரக்குக்கு வெளியே குடிசையில் இருந்தவனின் உடம்பு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. சாக்கடை முதலில் எங்கே மூடப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நோய்க்கு பாரக்கு எது, பேட்டை எது என்று தெரியாது. கல்கத்தா அருகே டம்டம்மில் இருந்த ஒரு சிப்பாய், காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக இங்கிலாந்து திரும்பி 1900-ல் இறந்தார். நெட்லி ராணுவ மருத்துவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த லீஷ்மன் அவர் மண்ணீரலில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்தார், 1903 மே மாதம் எழுதினார். அதே 1903-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனவன், ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதே உருண்டைகளைக் கண்டார். அவர் பார்த்தது இறந்த உடம்பில் மட்டும் அல்ல. உயிரோடு இருந்த ஒரு சென்னைப் பையனின் மண்ணீரலில் ஊசி வைத்து எடுத்ததிலும் அது இருந்தது. ஜூலையில் எழுதினார். யார் முதல் என்று சர்ச்சை கிளம்ப, ரொனால்ட் ராஸ் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்தார். நோய் கருங்காய்ச்சல், அதாவது காலா அசார்.

நெட்லியில் கிடைத்தது சிப்பாய் உடம்பு. சென்னையில் கிடைத்தது தர்மாஸ்பத்திரிக்கு வந்த ஏழையின் உடம்பு. இரண்டிலும் ஒரே கிருமி. சிப்பாயின் நோய் தனி, ஊரான் நோய் தனி என்று நடந்த கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

ராயபுரத்துக்குத் திரும்புவோம்

கஞ்சித் தொட்டியிலும் பாடம் தொடங்கியது, ஆனால் கீழ்ப்படியில். ராயபுரம் மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு. ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் கிராமங்களிலும் வேலை செய்தவர்கள் இவர்களே, ஆனாலும் சம்பளத்திலும் மரியாதையிலும் ஒரு படி கீழே. 1930-களில் பள்ளிக்கு கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது, 1938-ல் கல்லூரியாக உயர்ந்தது. இந்தப் படி வித்தியாசத்தை ஆட்டிவைத்ததும் போர்தான். இரண்டாம் உலகப் போரில் டாக்டர்கள் போதவில்லை. 1943-ல் தனித்தனியாக இருந்த மேல் சர்வீஸ், கீழ் சர்வீஸ் எல்லாவற்றையும் சேர்த்து இந்திய ராணுவ மருத்துவப் படை என்று ஒன்றாக்கினார்கள். 1946-ல் போர் கமிட்டி (தலைவர் பெயர் போர், சண்டை அல்ல!) இரண்டு தரப் படிப்பு வேண்டாம், ஒரே பட்டப்படிப்பு போதும் என்று சொல்லிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு ராயபுரத்துக்கு வடக்கே ஊரின் முகமே மாறியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970-ல் அனல் மின் நிலையம். இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள். லேத், பிரஸ், ரோலர். பிரஸ் மெஷினுக்குக் கை எது, தகடு எது என்று தெரியாது. ராத்திரி ஷிப்டில் கண் அசந்தால் விரல் போச்சு. துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வரும் இடம் ஸ்டான்லி.

1923-ல் வந்த தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தை பி.காம். மாணவர்கள் தொழிற்சட்டப் பாடத்தில் படித்திருப்பார்கள். அதன் அட்டவணை பின்னாளில் இப்படி இருந்தது: கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நான்கு விரலும் போனால் 50. தொழிலாளியின் உடம்பும் ஒருவழியாகக் கணக்கில் ஏறியது. ஆனால் சிப்பாய்க்கு எழுதிய கணக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது உடம்பைக் காப்பாற்ற எழுதியது. இது போன பிறகு விலை போட எழுதியது.

மீதி வேலையை டாக்டர்கள் செய்ய வேண்டியிருந்தது. கை அறுவை சிகிச்சை ஒரு தனித் துறையாக ஆனதும் சிப்பாய்களால்தான். இரண்டாம் உலகப் போரில் கை சிதைந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்காக ராணுவ ஆஸ்பத்திரிகளில் தனி மையங்கள் வைத்து, அங்குள்ள டாக்டர்களுக்கு ஸ்டெர்லிங் பன்னெல் பாடம் நடத்தினார். எலும்பு, நரம்பு, தசைநார், தோல் எல்லாவற்றையும் ஒரே டாக்டர் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1946-ல் அங்கே கை அறுவை மருத்துவர்களுக்குத் தனிச் சங்கமே ஏற்பட்டது.

அந்தத் துறையை 1970-களில் ஸ்டான்லியில் வளர்த்தவர் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி. அவருக்கு வந்தவர்கள் போர்முனையிலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து வந்தார்கள். விரல் நுனி போனால் எலும்பு வெளியே தெரியும். எலும்பைக் கொஞ்சம் வெட்டி, விரலைக் குட்டையாக்கி மூடுவதுதான் சுலபமான வழி. டாக்டருக்குச் சுலபம், விரலை நம்பிச் சம்பாதிப்பவனுக்கு இல்லை. வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-ல் ஒரு சர்வதேச இதழில் வேறு வழி எழுதினார்கள். விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாக ஒரு தோல் துண்டை, அதன் ரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல் முன்னுக்கு நகர்த்தி, நுனியை மூடுவது. நீளம் மிஞ்சும், தொட்டால் உணர்ச்சியும் இருக்கும். திருகாணியை விரலால் தடவிப் பார்த்து வேலை செய்பவனுக்கு அந்த உணர்ச்சிதான் சோறு. இன்றும் உலகப் பாடப் புத்தகங்களில் அந்த முறை வெங்கடசாமி பெயரோடு இருக்கிறது. ஸ்டான்லியில் கைக்கென்றே ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமும் ஏற்பட்டது. வெளியூர்களிலிருந்து டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

கஞ்சி ஊற்றிய இடம், உலகத்துக்குப் பாடம் சொன்ன இடமானது இப்படித்தான். டம்டம் சிப்பாய், சென்னைப் பையன், திருவொற்றியூர் பட்டறைத் தொழிலாளி, மூன்று பேர் பெயரும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. செங்கல்காரருக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும். ஆனால் அவர்கள் உடம்பிலிருந்து படித்ததைத்தான் ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.