முகத்தை மறைத்தால் போதுமா? ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைப் படங்களில் நோயாளியின் ஒப்புதல் கடந்து வந்த வழி

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டு வகுத்த மருத்துவர் நடத்தை விதிகளில் 7.17 என்ற எண்ணில் ஒரு சிறு விதி இருக்கிறது. நோயாளியை இன்னார் என்று கண்டுகொள்ளும் வகையில் அவருடைய படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதியின்றி எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் முதல் பகுதி. ஆள் யாரென்று தெரியாதபடி வெளியிடுவதானால் அனுமதி தேவையில்லை என்கிறது அடுத்த பகுதி. காலில் வந்த புண்ணுக்கும் மார்பு எக்ஸ்ரேவுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைக்கு, மக்கள் வழக்கில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு, எப்படிப் பொருந்தும்? பிளவுபட்ட உதட்டைச் சேர்த்துத் தைத்தவர் உதட்டைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவார்? இத்துறையில் முகம்தான் நோய்க்குறிப்பு. முகத்தை மறைத்துவிட்டால் ஒப்புதல் கேட்கும் பொறுப்பு தீர்ந்துவிடும் என்ற எண்ணம் எப்படி உருவானது, எங்கெல்லாம் பொய்த்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயாளி தரும் அனுமதி, இன்னின்னார் பார்க்கலாம் என்ற அனுமதி. பார்ப்பவர் வட்டம் விரியும்போது அந்த அனுமதி செல்லாததாகிவிடுகிறது; படமோ புழங்கிக்கொண்டே இருக்கிறது. இதுவே என் வாதம்.

இத்துறையின் புகழ்பெற்ற முதல் படம் கேமராவுக்கு முந்தியது, இந்தியாவிலிருந்து போனது. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் பி. எல். என்ற எழுத்துகளோடு ஒரு கடிதம் வெளிவந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவுக்கு வெட்டி, அதை விரித்து நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிழுத்தார். கோட்டுக்குள் இருந்த தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பிப் பொருத்தினார். 25ஆம் நாள் வாக்கில் அந்தக் காம்பைத் துண்டித்தார்கள். கடிதத்தோடு, ஜேம்ஸ் வேல்ஸ் தீட்டிய உருவப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய படமும் அச்சானது. லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் இதே முறையைக் கையாண்டு, 1816இல் அதை நூலாக்கினார்.

மூக்கு அமைத்தவரின் பெயரை அந்தக் கடிதம் சொல்லவில்லை. நோயாளியின் பெயரும் முகமும் தொழிலும் மட்டும் உலகெங்கும் போயின. மூக்கறுத்தல் அந்நாளில் ஆளை அவமானப்படுத்துவதற்கென்றே தந்த தண்டனை. அந்த அவமானத்தின் அடையாளத்தைக் கடல் கடந்த வாசகர்கள் பார்ப்பதற்கு அவர் இசைந்தாரா என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாடநூல்கள் இன்றும் அந்த முகத்தை அச்சிடுகின்றன. இத்துறையின் வரலாற்றைச் சொல்லும்போது அவர் பெயரைத் தவிர்க்க இயலாது. இனி வரும் நோயாளிகளின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அவர்களில் பலருடைய பெயர் ஆவணங்களில் இருந்தாலும்கூட.

1839இல் டகேரின் ஒளிப்பட முறை வெளியான பின் மருத்துவர்கள் விரைவிலேயே ஒளிப்படத்தைக் கையில் எடுத்தார்கள். எனினும் அறுவை மருத்துவத்தில் அது வேரூன்றியது அமெரிக்க உள்நாட்டுப் போரில்தான். வாஷிங்டனில் 1862இல் ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதே நகரின் ஹேர்வுட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரீட் பான்டெக்கூ காயம்பட்ட வீரர்களைப் படமெடுத்தார். பல படங்களில் வீரரின் கையில் பெயர் எழுதிய பலகை இருக்கும். சில படங்களின் மேல் குண்டு பாய்ந்த வழியைச் சிவப்பு மையில் அம்புக்குறியாக வரைந்தார். ஓய்வூதியக் கோரிக்கைகளுக்கும் இத்தகைய படங்கள் சான்றாயின என்பதால் வீரர்களுக்கும் அதில் சிறிது பயன் இருந்தது. ஆனால் சிப்பாய்க்குக் கிடைத்தது கட்டளை, கேள்வி அல்ல.

நியூயார்க்கில் அறுவை மருத்துவர் கர்டன் பக், பாதரச மருந்தால் முகம் அழுகிப்போன ஒரு வீரருக்குப் பல கட்டங்களாக அறுவை செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமாக்கினார். அவரது ஆய்வுகள் 1876இல் நூலாயின. அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு முகங்களை அருகருகே வைக்கும் வழக்கத்தின் தொடக்கம் இங்கே தெரிகிறது. மருத்துவருக்கு அது சான்று. அந்த இணைக்குள் ஒரு விளம்பரமும் ஒளிந்திருந்தது. வெளிப்பட அதற்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸ் இந்த வழக்கத்தைப் பெரிய நிறுவனமாகவே வளர்த்தார். முதலில் ஆல்டர்ஷாட்டிலும் 1917 முதல் சிட்கப் குயின்ஸ் மருத்துவமனையிலும் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. 1920இல் வந்த அவரது 'பிளாஸ்டிக் சர்ஜரி ஆஃப் தி ஃபேஸ்' நூல் பக்கத்துக்குப் பக்கம் முகங்களால் நிறைந்தது. அறுவை மருத்துவராக இருந்து ஓவியரான ஹென்றி டாங்க்ஸ் அதே நோயாளிகளை வண்ணக் கோல்களால் வரைந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் வராத சதையின் நிறம் அவற்றில் வந்தது. அவை பொதுமக்கள் பார்வைக்கு உகந்தவை அல்ல என்றே டாங்க்ஸ் கருதினார். காயமுற்ற முகத்துக்குப் பார்வையாளர் எல்லை ஒன்று உண்டு என்று வரைந்தவரே உணர்ந்த இடம் இது. சிட்கப் வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் தவிர்த்தார்கள். தம் முகத்தைத் தாமே காணாத ஒரு காலத்தில் அவர்களை லென்ஸ் கண்டுகொண்டிருந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த எல்லை நெடுநாள் நிற்கவில்லை. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃப்ரீட்ரிச் 1924இல் நான்கு மொழிகளில் வெளியிட்ட போர் எதிர்ப்புப் படநூலில், முகம் சிதைந்த வீரர்களின் மருத்துவமனைப் படங்கள் இடம்பெற்றன. நோக்கம் உயர்ந்தது, நானும் அதன் பக்கமே நிற்பேன். ஆனாலும் சிகிச்சைக்காக எடுத்த படம் பிரசாரத்துக்குப் போயிற்று. 2007இல் வெளிவந்த 'பயோஷாக்' கணினி விளையாட்டில், சிதைந்த எதிரிகளின் முகங்களை வடிவமைத்தபோது கில்லீஸ் நோயாளிகளின் படங்களும் கலைஞர்களின் கைக்கு வந்திருந்தன. கலை வரலாற்றாசிரியர் சூசன்னா பியர்னாஃப் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மருத்துவப் பாடத்துக்காக அமர்ந்த இளைஞரின் முகம், 90 ஆண்டுகள் கழித்து, விளையாடுபவர் சுட்டுத்தள்ளும் அரக்கனாயிற்று. அறிந்தே ஒப்புதல் தந்திருந்தாலும் இதற்கு அவர் தந்திருக்க முடியுமா?

ஒப்புதல் என்ற கேள்வியை மருத்துவ உலகம் தானாக எழுப்பவில்லை. நோயாளிகள் நீதிமன்றப் படியேறியதால்தான் அது எழுந்தது. நியூயார்க் மாநிலம் 1903இல் இயற்றிய சட்டம், ஒருவரின் படத்தை விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது. 1920இல் அங்கே வந்த வழக்கில் ஒரு பெண், தமது சிசேரியன் அறுவையை மருத்துவச் சங்கங்களில் காட்டுவதற்காகப் படமெடுக்க இசைந்திருந்தார். அந்தப் படம் திரையரங்குகளில் ஓடியது. இசைவு மருத்துவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது, ஊருக்கல்ல என்ற அவரது வாதத்தை நீதிமன்றம் ஏற்றது.

1939இல் அதே மாநிலத்தில் வந்த இன்னொரு வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மருத்துவச் சங்க இதழ் ஒன்றில் நடு அமுங்கிய மூக்கைப் பற்றிய கட்டுரை வந்தது. அதில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த தம் மூக்கின் படங்களைக் கண்ட நோயாளி வழக்குத் தொடுத்தார். இது அறிவியல் கட்டுரை, விளம்பரமல்ல, ஆகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் மறுத்தது. அறிவியல் இதழில் வரும் கட்டுரையும் எழுதியவருக்கான மறைமுக விளம்பரமாக இருக்கக்கூடும். அதை விசாரித்தே தீர வேண்டும் என்றது. கர்டன் பக்கின் காலத்தில் ஒளிந்திருந்த விளம்பரத்தை ஒரு நீதிபதி வெளிச்சத்துக்கு இழுத்த தருணம் என்று இதைக் கொள்ளலாம்.

1976இல் மெய்ன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது வேறு வகை. குரல்வளைப் புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் இருந்த ஒருவரை மருத்துவர் படமெடுக்க முனைந்தார். நோயாளி முஷ்டியை உயர்த்தி, தலையைக் கேமராவின் பார்வையிலிருந்து திருப்பினார். மருத்துவர் எடுத்தே விட்டார். அந்தப் படங்கள் எங்கும் வெளியாகவில்லை. இருந்தும், விருப்பத்துக்கு மாறாகப் படமெடுப்பதே அந்தரங்கத்தில் அத்துமீறுவதாகலாம் என்றது நீதிமன்றம். வெளியீட்டை மட்டும் கணக்கில் கொள்ளும் நம் 7.17 விதி இந்தத் தீர்ப்பு தொட்ட இடத்தைத் தொடவே இல்லை. பிறகு 1985இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தம் நோயாளியின் முன்-பின் படங்களைப் பல்பொருள் அங்காடி நடத்திய நிகழ்ச்சியிலும் தொலைக்காட்சியிலும் காட்டிய வழக்கைத் தீர்த்தது. ஒப்புதல் வாங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னதை அங்காடி நம்பியிருந்தது. பொறுப்பு மருத்துவர் தலையில் விழுந்தது.

இதழ்கள் கண்டுபிடித்த எளிய வழி, கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை. சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழு 1995இல், கண் பகுதியை மறைப்பது போதாது, அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று அறிவித்தது. இமை அறுவையைக் காட்டும் படத்தில் அந்தப் பட்டையை எங்கே போடுவது? கண்ணை மறைத்த படத்திலும் காது மடலின் வளைவு, தாடையோரத்து மச்சம், பிறவித் தழும்பு எல்லாம் அப்படியே நிற்கும். ஊரில் உறவினர் அடையாளம் காண அவை போதும். அண்டை வீட்டார் பார்வைக்குத்தான் நோயாளி பெரிதும் அஞ்சுகிறார். இந்த அறிவிப்பு வந்து ஏழாண்டு கழித்து எழுதப்பட்ட நமது விதி பழைய நம்பிக்கையையே ஏந்திக்கொண்டது. மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதால் 2002ஆம் ஆண்டு விதிகளே தொடர்கின்றன.

டிஜிட்டல் காலம் அந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அகற்றிவிட்டது. 2017இல் லிதுவேனியாவின் ஓர் அழகு அறுவைச் சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட 25,000க்கும் மேற்பட்ட படங்கள், நிர்வாணப் படங்கள் உட்பட, இணையத்தில் கொட்டப்பட்டன. நோயாளிகளிடமே நேரடியாகப் பணம் கேட்டு மிரட்டினார்கள். 2019இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் தலை எம்ஆர்ஐ படங்களிலிருந்து முகங்களை மீட்டெடுத்து, முகமறி மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகப் பொருத்தியது. எலும்பும் மூளையும் பார்க்க எடுத்த படமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்போது, பட்டை போட்ட முகப்படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் அறுவை அரங்குகளில் இன்று கேமரா என்பது பெரும்பாலும் மருத்துவரின் சொந்தக் கைப்பேசி. அதே கைப்பேசியில் குடும்பப் படங்களும் இருக்கும், வாட்ஸ்அப் குழுக்களும் இருக்கும். ஒப்புதல் என்பதோ பல இடங்களில் அறுவைக்கான படிவத்தின் அடியில் கல்விக்காகப் படம் எடுக்கச் சம்மதம் என்று வரும் ஒற்றை வரி. அறுவைக்குக் கையெழுத்திடும் நேரத்தில் அந்த வரியை மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? இலவசச் சிகிச்சைக்கு வந்த தீக்காய நோயாளிக்கு, மறுத்தால் சிகிச்சை குறைந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கவே செய்யும். காசு கொடுத்து மூக்கைத் திருத்த வருபவர் கேட்கும் கேள்விகளை அவர் கேட்பதில்லை. என் பார்வையில் இன்றைய ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி இதுவே.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும், விரும்பும்போது திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைகள் இதைச் செயல்படுத்த முதல் வேலை, அந்த ஒற்றை வரியைப் பிரிப்பதுதான். சிகிச்சைக் கோப்புக்கு ஒரு கையெழுத்து, மாணவர் வகுப்புக்கு ஒன்று, ஆய்விதழுக்கு ஒன்று, இணையத்துக்கும் விளம்பரத்துக்கும் தனியே ஒன்று. தமிழில், அறுவை நாளுக்கு முன்பாக, அறுவை செய்யப் போகிறவர் அல்லாத ஒருவர் விளக்கி வாங்க வேண்டும். கோப்பிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் படத்தை நீக்கலாம், ஆனால் அச்சாகிப் போன இதழையோ பிறர் பதிவிறக்கிய படத்தையோ எந்தச் சட்டமும் திரும்பக் கொண்டுவராது என்பதை நோயாளி பேனாவைத் தொடும் முன்பே விளக்குபவர் சொல்லிவிட வேண்டும்.