வெறும் வண்டியின் துள்ளல்

சுமப்பதற்கென்றே பிறந்த வண்டி, சுமையற்ற நாளில்தான் தடுமாறுகிறது. அமெரிக்கப் பிக்கப் டிரக்கின் வரலாற்றை இம்முரணிலிருந்தே வாசித்துவிடலாம்.

1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறம் திறந்த பெட்டியொன்றைப் பொருத்தி விற்றது. பின்வந்த பிக்கப்புகள் பலவற்றில், சுமை தாங்க அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகளே பின் அச்சைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பையும் ஏற்றன. எஞ்சினின் வலிமை பெருகப் பெருக, அவ்விரட்டைப் பொறுப்பு பாரமாயிற்று. சக்கரத்தை முன்னோக்கி உருட்டும் விசை அச்சை எதிர்த்திசையில் முறுக்குகிறது; பட்டைகள் நெளிகின்றன. மேலே சுமையில்லாததால் டயர் பிடியை இழக்கிறது; நெளிந்த பட்டை விறைத்து மீள்கிறது; டயர் மீண்டும் தரையைப் பற்ற, மீண்டும் முறுக்கு. துள்ளல் என்பது இதுவே.

1960இல் செவர்லே தன் அரை டன் பிக்கப்பில் பட்டைகளை நீக்கிச் சுருள் ஸ்பிரிங்கையும், அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் நீண்ட கரங்களையும் அமைத்தது. ஆனால் 1973இல் பட்டைக்கே திரும்பியது. இடையில், 1967ஆம் ஆண்டின் கமாரோ காரில் ஒற்றைப் பட்டை துள்ளியதால், 1968இல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தனர். அச்சு எப்பக்கம் முறுகினும் ஒன்று தடுக்கும். பட்டை நெளியாதிருக்க இரும்புக் கரம் பூட்டியோரும் உண்டு. 2009ஆம் ஆண்டின் ராம் 1500 மீண்டும் சுருளையே நாடியது.

பனிநாட்டு எளியோரின் தீர்வோ இவையனைத்திலும் எளிது: அச்சுக்கு நேர்மேலே சில மணல் மூட்டைகள். சுமக்கப் பிறந்ததற்குச் சிறிது சுமை கொடுத்தார்கள். அது தரையைப் பற்றிக்கொண்டது.