ஹாம்பர்க் காலரா, 1892

1892 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் காலரா பரவியது. சில வாரங்களில் சுமார் 17,000 பேர் நோயுற்றனர். அவர்களில் சுமார் 8,600 பேர் இறந்தனர். மாசடைந்த குடிநீரே காலராவைப் பரப்புகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

பின்னணி

1842இல் நேர்ந்த பெருந்தீக்குப் பிறகு, ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி நகருக்குக் குடிநீர்க் குழாய்களை அமைத்தார். எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமலேயே வீடுகளுக்கு வந்தது. குழாய்களில் சிறு மீன்களும் வருவதுண்டு. வடிகட்டும் நிலையம் தேவை என்ற கோரிக்கை எழுந்தபோதும், செலவு பற்றிய விவாதத்திலேயே பல ஆண்டுகள் கழிந்தன. நோய் பரவிய நேரத்தில் நிலையத்தின் கட்டுமானம் முடிந்திருக்கவில்லை.

அல்டோனாவின் நிலை

ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த அல்டோனா, அன்று பிரஷ்யாவைச் சேர்ந்த தனி நகரம். அதுவும் எல்பே ஆற்று நீரையே பயன்படுத்தியது. அந்நகரம் நீர் எடுத்த இடம், ஹாம்பர்க்கின் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்கும் கீழே இருந்தது. எனவே அங்குதான் பாதிப்பு அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கு இறந்தவர்கள் சுமார் 300 பேர் மட்டுமே. மக்கள்தொகை குறைவு என்பதைக் கணக்கில் கொண்டாலும், இறப்பு விகிதம் ஹாம்பர்க்கைவிடப் பல மடங்கு குறைவு.

அல்டோனா 1859 முதல் ஆற்று நீரை மணல் படுகைகளில் மெதுவாக வடித்து வழங்கியதே இதற்குக் காரணம். மணலின் மேற்பரப்பில் உருவாகும் நுண்ணுயிர்ப் படலம் நோய்க் கிருமிகளைப் பெருமளவு தடுத்துவிடும்.

எல்லைத் தெரு

அரசு அனுப்பிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக், இரு நகரங்களின் எல்லையில் இருந்த தெருவைச் சுட்டிக்காட்டினார். மண், காற்று, வாழ்க்கை முறை யாவும் இரு பக்கமும் ஒன்றே. குடிநீர் மட்டுமே வேறு. ஹாம்பர்க் பக்கம் நோய் பரவியது. அல்டோனா பக்கம் அநேகமாகத் தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனாவின் நீரைப் பெற்ற ஒரு குடியிருப்புத் தொகுதியும் தப்பியது.

கிருமி மட்டும் போதாது, நிலத்தின் தன்மையே கொள்ளைநோய்க்குக் காரணம் என்று வாதிட்டு வந்தவர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர். அவர் அதே ஆண்டு அக்டோபரில் காலராக் கிருமிகள் கொண்ட திரவத்தைத் தாமே குடித்தார். லேசான வயிற்றுப்போக்குடன் உயிர் பிழைத்தார். ஆயினும் எல்லைத் தெரு காட்டிய சான்றை அவரது சோதனையால் அசைக்க முடியவில்லை.

விளைவு

ஹாம்பர்க்கின் வடிகட்டும் நிலையம் 1893 மே மாதம் செயல்படத் தொடங்கியது. நீரைத் தூய்மைப்படுத்தும் முறை புதிதல்ல. அண்டை நகரம் அதை 33 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது. அதைத் தள்ளிப்போட்டதற்கு ஹாம்பர்க் மக்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர்.