ஒரு லேத்துக்குள் இரண்டு மின்சாரம்

இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் இன்றும் லேத் பட்டறைச் சத்தம் கேட்கிறது. காசிமேட்டு விசைப்படகுக்கு ஷாஃப்ட் வேண்டுமா, புஷ் வேண்டுமா, இங்கேதான் வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி தன் அப்பா காலத்து லேத்தின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்பர் மோட்டார் மாட்டிக் கம்ப்யூட்டரில் ஓட்டப் பார்க்கிறார். புது சிஎன்சி வாங்கக் கடன் கிடைக்கவில்லை. இது ஓடினால்தான் ஆர்டர் நிற்கும். மோட்டாரை விட அவரைப் பாடாய்ப் படுத்தியது பவர் சப்ளைதான். ஃபைல் தள்ளிய குமாஸ்தாவான எனக்கு அந்தப் பெட்டியின் கணக்கைவிட அதன் சரித்திரத்தில்தான் ஆசை.

மின்சாரத்தில் ஏசி, டிசி என்று இரண்டு சாதி. பிரெஞ்சுப் பள்ளியில் டிசியை 'கூரான் கொந்தினு', அதாவது இடைவிடாத மின்னோட்டம் என்று படித்தோம். சென்னைக்கு டிசி பழைய உறவுதான். 1895-இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அது டிசியில் ஓடியது. 1953-இல் நின்றுபோயிற்று.

அக்காலப் பட்டறைகளில் ஒரே எஞ்சின்தான். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். 1873 வியன்னா கண்காட்சியில், பாரிசில் தொழில் செய்த பெல்ஜியக்காரர் கிராமின் டைனமோ ஒன்றை இன்னொரு டைனமோவோடு கம்பியால் இணைத்ததும், அது மோட்டாராகச் சுழன்றது. தண்டும் பெல்ட்டும் போய், இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற காலம் அங்கிருந்து பிறந்தது.

ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்தது ஏசி. டிரான்ஸ்ஃபார்மரால் வோல்டேஜை ஏற்றித் தொலைதூரம் அனுப்பலாம் என்பதுதான் காரணம். நம் எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-இல் மூடப்பட்டது. அது தந்ததும் ஏசிதான். டிசி மோட்டாரின் வேகத்தை எளிதாகக் கூட்டிக் குறைக்கலாம். ஏசி மோட்டாரில் அன்று அது முடியாது. அதனால் 1891-இல் அமெரிக்கர் வார்டு லியோனார்டு ஒரு வழி கண்டார். ஏசி மோட்டார் ஒரு டிசி ஜெனரேட்டரைச் சுற்றும், அது லேத்தின் டிசி மோட்டாருக்கு ஊட்டும். ஒரு வேலைக்கு மூன்று இயந்திரம்! இன்று அந்த இடத்தில் நான்கு டையோடுகள். பிரெஞ்சில் இதற்கு 'ரெத்ரெஸர்' என்று பெயர், நிமிர்த்துபவன்.

தம்பியின் கணக்கைக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 50 வோல்ட் தருகிறது. டையோடு தாண்டி மின்தேக்கியில் நிற்பது 50 அல்ல, அதன் உச்சம். 1.414-ஆல் பெருக்க 70.7; டையோடுகள் தின்பது போகச் சுமார் 69. நம் ஊர் ஏசி நொடிக்கு 50 சுற்று, ஆகவே நொடிக்கு 100 முறை மின்தேக்கி நிரம்புகிறது. 10 ஆம்பியர் எடுத்தால், 7 வோல்ட்டுக்கு மேல் தொய்யாமலிருக்கச் சுமார் 14,000 மைக்ரோஃபாரட் வேண்டும். 60 சுற்று உள்ள அமெரிக்கக் கணக்கில் 12,000 போதும். அங்கிருந்து அப்படியே எடுத்தால் இங்கே குறைந்துபோகும்.

இன்னொன்று, 230 எழுதியிருக்கும் ஊரில் இரவில் 250 வருவதுண்டு. அப்போது 69 என்பது 75-ஐத் தாண்டும். சுமை இல்லாதபோது இன்னும் ஏறும். மோட்டார் சட்டென்று வேகம் குறைந்தால் அதுவும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். டிரைவரின் எல்லை 80 என்றால் ஒரு மாத வருமானம் புகையாகப் போக அதிக நேரமாகாது. 45 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது புத்திசாலித்தனம் என்று தம்பியே முடிவெடுத்தார். வேகம் கொஞ்சம் குறையும், தூக்கம் வரும்.

இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். அது இருந்தாலும், கை வைக்குமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.