கீழ்க்காய்நெல்லியும் ஈரலும்

இலைக் காம்பின் கீழே சிறு நெல்லிக்காய்களை நிரையாகத் தாங்கி நிற்பதனால் கீழ்க்காய்நெல்லி எனப் பெயர் பெற்ற பூண்டினை அறியாத தமிழர் மிகச் சிலரே. செங்கமாரி கண்டவிடத்து அதனை அரைத்துப் பாலிலோ மோரிலோ கலந்து வைகறையில் அருந்துதல் நம் முன்னோர் கண்ட முறையாகும். அம்மூலிகை விஞ்ஞானச் சோதனைக்கு உள்ளாகிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

ஈரலைக் காக்கும் மருந்தினைச் சோதிப்பதற்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சொன்று வேண்டும். முன்னாளில் உலர்சலவைக்கும் தீயணைப்புக்கும் பயன்பட்ட காபன் நாற்குளோரைட்டு அத்தகையது. ஈரற்கலங்களினுள் அது சிதைவுற்று, கலமென்சவ்வின் கொழுப்பைத் தாக்கிக் கலங்களை அழிக்கின்றது. கீழ்க்காய்நெல்லியிற் பெறப்படும் பிலாந்தின், ஐப்போபிலாந்தின் என்னும் இரு பொருள்கள், எலியின் ஈரற்கலங்களை இந்நஞ்சினின்றும் காப்பதாக 1985 இல் ஆய்வாளர் அறிவித்தனர். முன்னோர் வழக்கிற்கு ஆய்வுகூடம் அளித்த சான்று இது.

ஆயின் நஞ்சு வேறு; கிருமி வேறு. 1988 இல் சென்னைத் தியாகராசன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பேக் என்பாருடன் இணைந்து, ஈரலழற்சி பி வைரசைத் தாங்கியிருந்தோருக்கு இம்மூலிகைத் தூளை 30 நாட்கள் கொடுத்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் அடையாளம் நீங்கிற்று. போலிமருந்துண்ட 23 பேரிலோ ஒருவருக்கே அது நீங்கிற்று. உலகம் வியந்தது. எனினும் 1990 இல் தாய்லாந்தில் நிகழ்ந்த சோதனையில் அப்பயன் காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகளும் ஐயத்தைத் தீர்த்தில.

அங்ஙனமாயின் முன்னோர் கண்ட குணம் பொய்யோ? அன்று. அசுத்த நீராற் பரவும் ஈரலழற்சி ஏ பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. மூலிகை உண்டோரும் உண்ணாதோரும் அவ்வாறே தேறுவர். புகழ் மட்டும் மூலிகையைச் சாரும். பித்தக்கல்லின் அடைப்பினாலும் மருந்தின் மிகையினாலும் வரும் செங்கமாரியோ காத்திருப்பதன்று. கண் மஞ்சளிப்பது எல்லார்க்கும் ஒன்றுபோலவே தோன்றும்; காரணம் ஒன்றன்று.

ஆகவே, பெரியோரே, இளைஞரே, மூலிகையை இகழவும் வேண்டா. அதனை நம்பி நாட்கடத்தவும் வேண்டா. கண் மஞ்சளித்த அன்றே குருதியைச் சோதித்து நோயின் காரணத்தை அறிவோம். முன்னோர் நமக்குத் தந்தது ஒரு மூலிகை மட்டுமன்று, உற்று நோக்கும் பழக்கமுமாகும். அதனைக் கைவிடாமையே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.