கற்றவர்க்கு இடம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள்ளன என்பதை நம் சங்கத்தார் நன்கறிவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அவை, குடவோலையிற் பெயர் இடுதற்கு உரியார் யாவர் என வரையறுக்கின்றன. பின்னது விதித்தபடி, வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலமும் வேண்டும். ஆயினும், ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் வல்லானுக்கு அரைக்கால் வேலியே போதும். கல்வியின்பொருட்டு நிலத்தின் அளவையே பாதியாக்கினர் நம் ஊரார்! எனினும் அக் குடத்தில் ஸ்திரீகளின் பெயருக்கு இடமில்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு சென்றபின், இவ்வூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், நான்காம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். அவரே பிற்காலத்துச் சகோதரி சுப்பலக்ஷ்மி அம்மையார் (1886–1969). பதினொரு வயதளவில் விவாகமும், அதனையடுத்து வைதவ்யமும் நேர்ந்தன. முதலிடம் பெற்ற மதி அவரைக் காத்திலது. மகளை மீண்டும் கற்பிக்கத் துணிந்த தந்தையாரே காத்தார். 1911-ல் அம்மையார் பி.ஏ. பட்டம் பெற்றார்.

நான்கு பெண்களோடு எழும்பூரில் அவர் தொடங்கிய இல்லம், பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகைக்குப் பெயர்ந்தது. பால்ய விதவைகளைக் கற்பித்து உபாத்தியாயினிகளாக்குவதே அதன் நோக்கம். தொடக்கத்தில் அது பிராமணப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. அவ்வெல்லையோடு அம்மையார் நின்றாரல்லர். அண்டையிலிருந்த மீனவர் குப்பத்துச் சிறார்க்கும் பள்ளி அமைத்தார். வயது முதிர்ந்த விதவைகளுக்கும் வழி வேண்டுமென்று 1927-ல் சாரதா வித்தியாலயத்தை நிறுவினார்.

பரீக்ஷை வைத்துப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் வித்தியாசாலைகளை நாம் குறை கூறுகின்றோமல்லோம். செல்வத்தையும் குலத்தையும் நோக்காது கல்வியை நோக்குதல் நன்றே. ஆனால் பரீக்ஷைக்கு அனுப்பப்படாத பெண்ணின் மதியை எப்பரீக்ஷை அளக்கும்? வாயிலில் நிற்கும் உபாத்தியாயர் தேர்ந்தெடுக்குமுன், வீட்டுத் திண்ணையில் நாமே தேர்ந்தெடுத்து விடுகின்றோம்.

ஆதலின், சங்கத்தார் அளிக்கும் உபகாரச் சம்பளம் முதலிடம் பெற்றவளோடு முடிதல் தகாது. படிப்பு இடையில் நிறுத்தப்பட்ட பெண்ணையும் அது தேடிச் செல்லவேண்டும். கல்விக்காக அரைக்கால் வேலியை விட்டுக்கொடுத்த ஊரினராகிய நாம், நம் பெண்களுக்காகச் சிறிது பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தல் அரிதன்று.